எழுத்தாளர் - ஓவியர் கூட்டாக்கம்

ரசிகர் விழாக்களில் ஒருவர் புனையும் கதைக்கு மற்றொருவர் சித்திரம் தீட்டி, இரண்டையும் ஒருங்கே வெளியிடும் முறை. ‘பிக் பேங்’ எனப்படும் வகையில் எழுத்தாளர் முன்கூட்டியே கதையை ஒப்படைக்க, பெயர் மறைக்கப்பட்ட கதைச்சுருக்கங்களைப் படித்து ஓவியர் தமக்கு உவந்ததைத் தெரிந்தெடுப்பர். எழுதியவரின் கீர்த்தியன்றிக் கதையே தேர்வை நிர்ணயிக்கும் இவ்வேற்பாட்டில், இடையில் விலகுவோருக்குப் பதிலாக வரைய மாற்று ஓவியரும் ஆயத்தமாயிருப்பது வழக்கம். ‘ரிவர்ஸ் பேங்’ வகையில் சித்திரம் முந்தும், கதை பிந்தும்.

தமிழில் இதற்கு நெருங்கிய முன்மாதிரி விழாவன்று, பத்திரிகைத் தொடர்கதையே. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் ரா. கிருஷ்ணமூர்த்தி எழுதிய ‘பொன்னியின் செல்வ’னுக்கு வரைந்த மணியம், ஆசிரியருடன் சரித்திர ஸ்தலங்களுக்கு யாத்திரை சென்று, சிற்பங்களின் ஆடையணிகளை நேரிற் கண்டு பாத்திரங்களுக்கு உருவம் அளித்தார்; அத்தொடரின் நாயகன் வந்தியத்தேவனைப் பிற்காலத்தில் வரைந்தோர் அவ்வுருவத்தை முற்றும் மறந்து வரைதல் அரிது. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துத் தங்காக்கை அடுத்துள்ள, 1276 மீட்டர் உயர்ந்த லேடாங் மலையின் இளவரசி, தன்னை மணக்க விழைந்த மலாக்கா சுல்தானிடம் பொன்னாலும் வெள்ளியாலும் பாலம் கேட்டாள் என்னும் ஐதிகத்தைப் போன்ற, உருவம் நிலைபெறாத கதைகளுக்கு இத்தகைய கூட்டுப்பயணம் விசேஷமாகப் பயன்படும்.