சிவப்பை அளந்த எண்

சன்ஸ்கிரீன் வாங்குவோர் முதலில் பார்ப்பது எஸ்.பி.எஃப். என்ற எழுத்துகளை அடுத்து அச்சிடப்பட்டிருக்கும் 15, 30, 50 போன்ற எண்ணைத்தான். வெயிலிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பு முழுவதையும் அந்த எண்ணே சொல்லிவிடுவதாகப் பலரும் நம்புகின்றனர்; ஆனால் வெண்ணிறத் தோல் வெயிலில் எரிந்து சிவப்பதை அளக்கவே அது ஏற்பட்டது என்பதையும், பழுப்புத் தோலின் கவலைகள் அந்த அளவுக்குள் இடம்பெறவே இல்லை என்பதையும் அதன் வரலாறு காட்டுகிறது.

1801இல் ஜெர்மனியின் யேனா நகரில் யோஹான் வில்ஹெல்ம் ரிட்டர், நிறமாலையில் ஊதாவுக்கு அப்பால் கண்ணுக்குப் புலப்படாத கதிர் ஒன்று வெள்ளி குளோரைடைக் கருக்கச் செய்வதைக் கண்டார். இன்று புற ஊதாக் கதிர் என வழங்குவது அதுவே. அக்கதிருக்கும் தோலுக்கும் உள்ள உறவு அப்போது அறியப்படவில்லை. 1820இல் லண்டன் அறுவை மருத்துவர் எவரார்ட் ஹோம், தம் ஒரு கையைத் திறந்தும் மறு கையைக் கறுப்புத் துணியால் மூடியும் வெயிலில் வைத்துப் பார்த்தபோது, துணிக்கு அடியில் வெப்பமானி கூடுதல் வெப்பத்தைக் காட்டியும் அந்தக் கைக்குத் தீங்கு நேரவில்லை. திறந்திருந்த கைதான் கொப்பளித்தது. கருநிறம் வெப்பத்தை மிகுதியாக ஈர்க்கும் என்றால், வெப்ப நாடுகளில் வாழும் மக்களின் தோல் ஏன் கறுப்பாக இருக்கிறது என்ற கேள்வியே அவரை இச்சோதனைக்கு இட்டுச் சென்றது. இந்த ஆய்வுத் துறையின் தொடக்கத்திலேயே முன்னின்ற கருந்தோல், பின்னர் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அதன் பார்வையிலிருந்து ஏறத்தாழ மறைந்தே போனது.

வெயிலில் தோல் சிவப்பது வெப்பத்தாலன்று, புற ஊதாக் கதிராலேயே என்று 1889இல் ஸ்வீடன் கண் மருத்துவர் எரிக் விட்மார்க் நிறுவினார். 1922இல் ஜெர்மானியர்களான ஹவுசரும் வாலேயும் அந்தச் சிவப்பை உண்டாக்குவது ஏறத்தாழ 280 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள குறுகிய பகுதியே எனக் காட்டினர்; புற ஊதா-பி என்று பின்னர் பெயர்பெற்ற அப்பகுதியே அதன்பின் களிம்பு செய்வோரின் இலக்காயிற்று. முன்பே கொயினா உப்பையும் குதிரைச் செஸ்ட்நட் மரத்தின் சாற்றையும் கொண்டு ஜெர்மன் மருத்துவர்கள் செய்து பார்த்த பூச்சுகள் சிலருக்கே எட்டின. பிரான்சில் தொழிலாளருக்கு ஊதியத்துடன் விடுமுறை சட்டமான 1936ஐ ஒட்டி லோரியால் நிறுவனத்தின் வெயில் எண்ணெய் கடற்கரைகளில் பரவியது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினருக்குக் கால்நடை மருத்துவத்தில் பயன்பட்ட சிவப்பு வாசலைன் தரப்பட்டது; பிசுபிசுத்து ஆடையைக் கறைப்படுத்திய அதற்கு, நடுக்கடலில் தத்தளிக்கும் ஒருவனைக் காப்பதைவிட மேலான நோக்கம் இருக்கவில்லை. விடுமுறைக்காரரும் போர்வீரரும் மலையேறுவோருமே இப்பண்டத்தின் முதல் பயனர்கள். அன்றாடம் வெயிலில் உழைப்பவருக்காக அது உருவாகவில்லை.

எண்ணின் கதை மலையில் தொடங்குகிறது. ஸ்விட்சர்லாந்து–ஆஸ்திரிய எல்லையிலுள்ள பீட்ஸ் பூயின் சிகரத்தில் ஏறி வெயிலால் வெந்துபோன ஃபிரான்ஸ் கிரைட்டர் என்ற வேதியியலாளர், 1946இல் பனிமலைக் களிம்பு ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். களிம்புகளின் திறனை ஒப்பிட ருடால்ஃப் ஷுல்ட்சே என்ற ஆய்வாளர் 1956இல் முன்வைத்த முறையைக் கிரைட்டர் வளர்த்துப் பரப்ப, 1978இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தன் வரைவு விதிகளில் அதனை ஏற்றது. சோதனை எளிமையானது: தன்னார்வலரின் முதுகில் பூசிய இடத்திலும் பூசாத இடத்திலும் விளக்கொளி பாய்ச்சி, மறுநாள் மெல்லிய சிவப்பு தோன்றத் தேவைப்பட்ட குறைந்த அளவுகளை ஒப்பிட்டால் கிடைக்கும் விகிதமே எஸ்.பி.எஃப். சிவப்பு தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதால் வெளிறிய தோலுடையவர்களே இதற்குத் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூச வேண்டும் என்பதும் விதி. மக்கள் வழக்கமாகப் பூசுவது அதில் கால் முதல் அரைப் பங்குதான் என்பதால், அச்சிட்ட எண்ணுக்கும் கிடைக்கும் காப்புக்கும் பெரிய இடைவெளி விழுகிறது. எரிவுக் கதிரில் 15 என்பது ஏறத்தாழ 93 விழுக்காட்டையும், 30 என்பது 97ஐயும், 50 என்பது 98ஐயும் தடுக்கிறது; ஆகவே மேலும் மேலும் பெரிய எண்ணைத் தேடுவதைவிட, 30 உள்ளதைத் தாராளமாகப் பூசுவதே பயன் தரும்.

தோலை வகைப்படுத்தும் முறையும் இதே போக்கில் வளர்ந்தது. சொரியாசிஸ் நோய்க்கான ஒளிச் சிகிச்சையில் முடி நிறத்தையும் கண் நிறத்தையும் பார்த்து அளவு குறித்ததால் சிலருக்குத் தோல் வெந்துபோகவே, ஹார்வர்டு மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975இல் ஒருவரது தோல் எரிகிறதா, கருக்கிறதா என்று கேட்டறியும் முறையை வகுத்தார். முதலில் வெள்ளையருக்கு மட்டுமே நான்கு வகைகள் நுட்பமாகப் பிரிக்கப்பட்டன. பழுப்புக்கும் கறுப்புக்கும் உரிய ஐந்தாம், ஆறாம் வகைகள் பின்னரே ஒழுங்குபெற்றன. தமிழர் பெரும்பாலோரின் தோல் இந்தப் பிற்சேர்க்கையில்தான் அடங்குகிறது.

எளிதில் எரியாத தோலுக்கு எரிவை அளக்கும் எண் சொல்லக்கூடியது குறைவு. அதன் தொல்லை, கருமை படர்தலும் மங்கு எனப்படும் கருந்திட்டுகளும்தான். அதற்குப் பெரிதும் காரணமான புற ஊதா-ஏ கதிர், முகிலையும் சன்னல் கண்ணாடியையும் பெருமளவு கடந்து வருவது. பேருந்து ஓட்டுநரின் சன்னலோரக் கையில் விழுவதும் அதுவே. இதை அளக்க வழி வகுத்தது ஜப்பான்: அந்நாட்டு அழகுப் பொருள் தொழில்துறைச் சங்கம் 1996இல் சிவப்புக்குப் பதிலாகத் தோலில் நிலைக்கும் கருமையைக் கணக்கிட்டு, பி.ஏ. என்ற எழுத்துகளுடன் கூட்டல் குறிகளை இடும் முறையைக் கொண்டுவந்தது. ஆசியத் தோலின் கவலையே இங்கு அளவுகோலாக மாறியது என்ற வகையில், இந்த வரலாற்றின் முதன்மையான திருப்பமாக இதையே கொள்ள வேண்டும். வியர்வையில் உழைப்பவர்க்கு உதவியது 2011இல் வந்த அமெரிக்க விதி. நீரிலும் வியர்வையிலும் அழியாது என்ற வாசகங்களை அது தடைசெய்து, 40 அல்லது 80 நிமிடம் தாங்கும் என்று மட்டுமே குறிப்பிட அனுமதித்தது.

2010இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, கண்ணுக்குத் தெரியும் ஒளியே நான்காம் வகை முதல் ஆறாம் வகை வரையிலான தோலில் நீடித்த கருமையை உண்டாக்குவதையும், இரண்டாம் வகைத் தோலில் அவ்வாறு உண்டாக்காததையும் காட்டியது. வெண்படலம் தெரியாதபடி நுண்துகளாக்கப்பட்ட துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் இந்த ஒளியைப் போதிய அளவு தடுப்பதில்லை. தோல் நிறத்துக்கு ஏற்பச் சாயம் சேர்க்கப் பயன்படும் இரும்பு ஆக்சைடு தடுக்கிறது. எனவே மங்கு உள்ளவர்களுக்குத் தோல் மருத்துவர்கள் நிறமூட்டிய சன்ஸ்கிரீனைப் பரிந்துரைக்கின்றனர். எஸ்.பி.எஃப். எண்ணிலோ கூட்டல் குறிகளிலோ இந்தக் காப்பு பதிவாவதில்லை. வாங்குபவர் குப்பியின் பின்புறம் சிறு எழுத்தில் அச்சிட்ட சேர்மானப் பட்டியலில்தான் அதைத் தேட வேண்டியிருக்கிறது.