ஜான் செல் காட்மன்

ஜான் செல் காட்மன் (1782–1842) இங்கிலாந்தின் கிழக்கிலுள்ள நார்ஃபோக் வட்டாரத்தைச் சேர்ந்த நீர்வண்ண ஓவியர். ஓவியம் சொல்லிக்கொடுத்தே காலம் தள்ளியவர். நாரிச் நகரை மையமாகக் கொண்டு உருவான நாரிச் ஓவிய மரபில் ஜான் குரோமும் இவரும் முதன்மையானவர்கள்.

நாரிச்சில் முடிதிருத்துநர் ஒருவரின் மகனாகப் பிறந்த காட்மன், 1798 வாக்கில் லண்டனுக்குச் சென்று அச்சுப்படங்களுக்கு வண்ணம் தீட்டிப் பிழைத்தார். இளம் ஓவியர்களைத் தம் வீட்டில் கூட்டி வரையவைத்த மருத்துவர் தாமஸ் மன்றோவின் ஆதரவு அங்கே கிடைத்தது. 1800இல் ராயல் அகாடமி கண்காட்சியில் இவருடைய படங்கள் இடம்பெற்றன.

1803 முதல் 1805 வரை கோடைதோறும் யார்க்‌ஷயருக்குப் போய், பிராண்ட்ஸ்பியில் சோம்லி குடும்பத்தாருடன் தங்கி அவர்களுக்கு ஓவியம் கற்பித்தார். 1805இல் கிரேட்டா ஆற்றங்கரையில் கழித்த சில வாரங்களின் விளைவே இவருடைய தலைசிறந்த படங்கள். நீர்வண்ணம் என்றாலே கசிந்து கலந்து படரும் நிறங்கள்தாம் நினைவுக்கு வரும். காட்மன் அப்படிப் படரவிடவில்லை. ஒரு மெல்லிய பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே அதன்மேல் அடுத்ததை இட்டார். அதனால் ஒவ்வொரு நிறமும் கத்தரித்து ஒட்டியதுபோல் தெளிந்த விளிம்போடு நிற்கிறது. ‘கிரேட்டா பாலம்’ படத்தில் ஒற்றை வளைவுப் பாலம், ஆற்றுப் பாறைகள், பின்னால் இருண்ட மரங்கள் எல்லாமே இத்தகைய தட்டையான வடிவங்கள்தாம். இலை இலையாக மரம் வரைவதில் அவருக்கு நாட்டமில்லை. எதை விடலாம் என்று அறிந்த கை அது. அன்றைய வாங்குவோருக்கோ அது முடிக்காத படமாகவே தோன்றியது.

1806இல் நாரிச் திரும்பி, ஓவிய வகுப்பு தொடங்கினார். 1811இல் நாரிச் ஓவியர் சங்கத்தின் தலைவரானார். இவர் கண்ட ஒரு வழி புதுமையானது: நூலகத்தில் புத்தகம் எடுப்பதுபோல், சந்தா கட்டியவர்கள் இவருடைய படங்களை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்து வரையலாம். எண்ணிட்ட அந்த மாதிரிப் படங்கள் பல இன்றும் உள்ளன. மாணவர்களும் மகன்களும் எடுத்த படிகள் அவற்றோடு கலந்துவிட்டதால், எது ஆசிரியர் கைப்பட்டது என்று பிரித்தறிவது ஆய்வாளர்களுக்குத் தலைவலி.

1812இல் வங்கியாளரும் தாவரவியலாளருமான டாசன் டர்னரின் அழைப்பில் கிரேட் யார்மத்தில் குடியேறினார். புகழ்பெற்ற ஓவியர் டர்னர் வேறு, இவர் வேறு. டாசன் டர்னரின் மனைவிக்கும் மகள்களுக்கும் கற்பித்ததோடு, அவருடைய தூண்டுதலால் பழங்கட்டடங்களைச் செப்புத்தகட்டில் பொறிப்பதில் இறங்கினார். 1817, 1818, 1820 ஆகிய ஆண்டுகளில் பிரான்சின் நார்மண்டிப் பகுதிக்குச் சென்றுவந்தார். 100 பொறிப்புகள் கொண்ட நார்மண்டிக் கட்டடக்கலை நூல் 1822இல் நிறைவுற்றது. உழைப்பு பெரிது; ஆனால் நீர்வண்ணத்தில் கண்ட துணிச்சல் அதில் குறைவு.

கடனும் மனச்சோர்வும் இவரை விடாமல் தொடர்ந்தன. 1834இல் லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பள்ளியில் ஓவிய ஆசிரியர் பணி கிடைத்தபின் வருமானம் நிலைத்தது. பின்னாளில் கவிஞராகவும் ஓவியராகவும் பெயர்பெற்ற டான்டே கேப்ரியல் ரோசெட்டி அங்கே இவரிடம் படித்தவர். இறுதிக்காலப் படங்களில் வண்ணத்தோடு பசை கலந்து தடித்த பூச்சுகளை இட்டார். 1842 ஜூலை 24 அன்று லண்டனில் இறந்தார். மூத்த மகன் மைல்ஸ் எட்மண்ட் தந்தைக்குப் பின் அதே பள்ளியில் ஓவிய ஆசிரியரானார்.

இருபதாம் நூற்றாண்டில்தான் இவருடைய தட்டை வடிவங்களின் அருமை பரவலாக உணரப்பட்டது. ‘கிரேட்டா பாலம்’ இரண்டு வடிவங்களில் உள்ளது: முதல் படம் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும், 1810இல் மீண்டும் தீட்டியது நாரிச் கோட்டை அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன.