அயேயா மரமும் பிளாக்பர்ன் அந்துப்பூச்சியும்

ஹவாய்த் தீவுகளுக்கே உரிய பூச்சிகளில் மிகப் பெரியது பிளாக்பர்ன் ஸ்பிங்க்ஸ் எனப்படும் அந்துப்பூச்சி. சிறகு விரித்தால் 12 சென்டிமீட்டர் வரை அகலும் இதன் சாம்பல்நிற வயிற்றின் இருபுறமும் ஐந்தைந்து ஆரஞ்சுப் புள்ளிகள் வரிசையாக அமைந்துள்ளன. ஹவாயில் சமயப்பணி ஆற்றிக்கொண்டே பூச்சிகளைச் சேகரித்த ஆங்கிலேயப் பாதிரியார் தாமஸ் பிளாக்பர்னின் பெயரை, 1880இல் இவ்வினத்தை முதன்முதலாக விவரித்த ஆர்தர் பட்லர் இதற்குச் சூட்டினார். எனினும் அமெரிக்கத் தக்காளித் தோட்டங்களைப் பாழாக்கும் கொம்புப்புழுவுக்கு இது நெருங்கிய உறவு என்பதால், இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் நெடுங்காலம் நிலவியது. இது அருகி வந்ததை எவரும் பொருட்படுத்தாததற்கு அம்மயக்கமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

இதன் புழு கத்தரிக் குடும்பத்துத் தாவரங்களையே உண்டு வளர்கிறது. அக்குடும்பத்தில் ஹவாயன்றி வேறெங்கும் காணப்படாத நோதோசெஸ்ட்ரம் என்னும் பேரினத்தின் நான்கு இனங்களையும் தீவு மக்கள் அயேயா என்பர். அவற்றுள் சில, மழை குறைந்த மலைச்சரிவுக் காடுகளில் வளரும் சிறு மரங்கள். அந்தக் காடுகளின் அழிவு கால்நடைகளோடு பிணைந்தது. 1793இல் கப்பல் தலைவர் ஜார்ஜ் வான்கூவர் கொண்டுவந்து இறக்கிய மாடுகளைப் பத்தாண்டுகளுக்குக் கொல்லக்கூடாதென மன்னர் கமேஹமேஹா ‘கபு’ என்னும் விலக்கு விதித்ததால் அவை காட்டு மந்தைகளாகப் பெருகின. பின்னர் வந்த பண்ணைகளும் ஆடுகளும் எஞ்சியதை மேய்ந்தன. முதிர்ந்த மரங்கள் நின்றன, ஆனால் அவற்றின் நிழலில் கன்று தலைதூக்கவில்லை. பயிர்ப்பூச்சிகளை ஒடுக்கக் கொணர்ந்த ஒட்டுண்ணிக் குளவிகளும், அயல்நாட்டு எறும்புகளும் முட்டைகளையும் புழுக்களையும் தாக்கின. 1970களில், இப்பூச்சி அற்றுப்போய்விட்டதாகவே கருதப்பட்டது.

1984இல் மௌயி தீவின் தென்சரிவில், கனாயோ என்னும் எரிமலைக் குழம்பு உறைந்த வறள்நிலத்தில், அது மீண்டும் கண்டறியப்பட்டது. அவ்வட்டாரத்தில் அயேயா எஞ்சியிருந்தது. எனினும் இன்று புழுக்கள் மிகுதியாகக் காணப்படுவது தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரப்புகையிலை என்னும் களையில்தான்: தரிசிலும் சாலையோரத்திலும் முளைத்து, மஞ்சள் குழல்பூக்களும் வழவழப்பான வெளிர்நீல இலைகளும் தாங்கி நிற்கும் அச்செடியை, விரல் நீளத்தையும் விஞ்சும் புழுக்கள் மொட்டையாக்கிவிடுகின்றன. வளர்ந்த பூச்சிக்கோ தேன்தரும் பூக்கள் வேண்டும். அவ்வகையில் அது நாடும் செடிகளுள் ஒன்று, சித்த மருத்துவர் வேருக்காக மதிக்கும் கொடிவேலி. தமிழ்நாட்டில் வளரும் அதே இனம் ஹவாயிலும் இயற்கையாகவே உள்ளது.

2000ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு இதனை அழிவின் விளிம்பிலுள்ள இனமாகப் பட்டியலிட்டபோது, ஹவாய்ப் பூச்சிகளில் அப்பாதுகாப்பைப் பெற்ற முதல் இனம் இதுவே ஆயிற்று. அதனால் விளைந்த நிலை விசித்திரமானது: நிலத்தைச் சீரமைப்போர், ஒழிக்கவேண்டிய களையைத் தொடுமுன் அதில் முட்டையோ புழுவோ உண்டா எனப் பார்க்க வேண்டியதாயிற்று, புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாக உறங்குமாதலால் செடியடி மண்ணைக் கிளறுவதும் கூடாது. ஆனால் வறட்சியில் இலையுதிர்க்கும் குறுவாழ்வுச் செடியை நம்பி ஓரினத்தைக் காப்பது நிலையற்ற ஏற்பாடு என்பதால், அயேயாவை மீட்பதே முறையான வழி. அதற்கான முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது, 1997இல் மௌயியின் அவாஹியில் தொடங்கிய காடு மீட்புப் பணி. உலுபலகுவா மாட்டுப்பண்ணைக்குச் சொந்தமான அந்நிலத்தில் வேலியிட்டு மாடுகளைத் தடுத்த பின், நாட்டு மரங்களின் கன்றுகள் மீண்டும் வளரத் தொடங்கின.