கோகன் விதி

கோகன் விதி என்பது, ஐக்கிய அமெரிக்காவின் வருமான வரி வழக்குகளில், பற்றுச்சீட்டு இல்லாத செலவுகளை நீதிமன்றம் தானே மதிப்பிட்டு அனுமதிக்க இடமளிக்கும் கோட்பாடு ஆகும். இது 1930 ஆம் ஆண்டில் நாடகக் கலைஞர் ஜார்ஜ் எம். கோகன் தொடுத்த வழக்கின் தீர்ப்பிலிருந்து தோன்றியது.

வழக்கின் பின்னணி

கோகன் (1878-1942) நியூயார்க்கின் பிராட்வே நாடக உலகில் புகழ்பெற்ற நடிகர், பாடலாசிரியர், தயாரிப்பாளர் ஆவார். தொழில் நிமித்தம் நடிகர்கள், பணியாளர்கள், நாடக விமர்சகர்கள் ஆகியோருக்கு விருந்தளிக்கவும் பயணம் செய்யவும் இவர் பெருந்தொகை செலவிட்டார். ஆனால் அதற்குக் கணக்கு எதுவும் வைத்திருக்கவில்லை. 1921 ஆம் ஆண்டின் முதல் ஆறு மாதங்களுக்கு 11,000 டாலர், அடுத்த இரு நிதியாண்டுகளுக்கு ஆண்டுக்கு 22,000 டாலர், ஆக மொத்தம் 55,000 டாலர் செலவானதாக இவர் மதிப்பிட்டுக் கூறினார். இவர் பெருமளவு செலவு செய்ததை வரி மேல்முறையீட்டு வாரியம் ஏற்றுக்கொண்டது. எனினும் விவரங்கள் இல்லை என்று கூறி, முழுத் தொகையையும் மறுத்தது.

தீர்ப்பு

இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி லேர்னட் ஹேண்ட் தீர்ப்பை எழுதினார். செலவு நடந்தது உறுதி என்றால், ஒன்றுமே அனுமதிக்காதிருப்பது முரணானது என்பது அவர் கருத்து. எனவே வாரியம் இயன்றவரை நெருக்கமான மதிப்பீடு ஒன்றைச் செய்ய வேண்டும். கணக்கு வைக்காத குறை வரி செலுத்துபவருடையது என்பதால், அம்மதிப்பீடு அவருக்குப் பாதகமாக அமையலாம் என்றும் அவர் குறிப்பிட்டார்.

வரம்புகள்

மதிப்பிடுவதற்கு ஏதேனும் ஓர் அடிப்படை இருந்தால் மட்டுமே இவ்விதி பொருந்தும். எடுத்துக்காட்டாக, வீடுகளுக்கு வண்ணம் பூசும் ஒருவர் செய்த வேலைகளுக்கு ஒப்பந்தங்கள் இருந்தால், பற்றுச்சீட்டு இல்லாவிடினும் வண்ணப்பூச்சுக்கு ஆன செலவை நீதிமன்றம் மதிப்பிடலாம். வாய்மொழிக் கூற்று மட்டுமே இருப்பின் நீதிமன்றம் மதிப்பிட மறுக்கலாம். 1962 ஆம் ஆண்டுச் சட்டம் பயணம், கேளிக்கை, அன்பளிப்பு ஆகிய செலவுகளுக்கு விரிவான சான்றுகளைக் கட்டாயமாக்கியது. இதனால் கோகன் கோரிய வகைச் செலவுகளுக்கே இவ்விதி பயன்படாமல் போயிற்று. கேளிக்கைச் செலவுகளுக்கான கழிவு 2017 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது.

காட்டப்படாத வருமானம்

வருமானத்தை மறைத்ததாக எழும் வழக்குகளில் கோகன் விதியின் பயன் குறைவு. கணக்கேடுகள் இல்லாதபோது, வரித்துறை ஒருவரின் வங்கி வைப்புகளைக் கூட்டி, அதனை வருமானமாகக் கணிக்கலாம். அத்தொகை கடன், அன்பளிப்பு, அல்லது தமது வேறு கணக்கிலிருந்து மாற்றிய பணம் என்று காட்டும் பொறுப்பு பெரும்பாலும் வரி செலுத்துபவரையே சாரும். வெறும் மறுப்பு பொதுவாகப் போதாது. எனினும், குறிப்பிட்ட வருமானத்தோடு அவரைத் தொடர்புபடுத்தும் ஓரளவு ஆதாரத்தையாவது வரித்துறை முதலில் காட்ட வேண்டும் என்று பல மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் கூறியுள்ளன. 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உரிய பதிவேடுகளைப் பேணி, நம்பத்தகுந்த சான்று அளித்து, விசாரணைக்கு ஒத்துழைத்தவருக்கு மெய்ப்பிக்கும் சுமை அரசுத் தரப்புக்கு மாறலாம். பதிவேடு இல்லாதவருக்கு இச்சலுகை கிட்டுவதில்லை. அவ்வருமானத்தை ஈட்ட ஆன செலவு மெய்யென்று தெரிந்தால், அதனை மதிப்பிட மட்டும் கோகன் விதி உதவலாம்.