நாணயத்தில் திருமகளும் ‘அவதார’ சப்தமும்

கோரி முகம்மது தன் பொன் நாணயத்தில் பெரிய பிராட்டியாரின் திருவுருவைப் பொறித்திருக்கிறானே, அவனுக்கும் பக்தி உண்டாயிற்றோ என்று அடியேனிடம் கேட்பவர் உண்டு. நாணயம் மெய்யே. ஒருபுறம் சப்பணமிட்டு வீற்றிருக்கும் தேவி. மறுபுறம் நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ மஹமத பினி ஸாம’ என்று அவன் பெயர். எடை சற்றேறக்குறைய 4 கிராம். ஆயினும் இவ்வமைப்பு அவன் கண்டதன்று. 11ஆம் நூற்றாண்டில் திரிபுரியை ஆண்ட கலசூரி மன்னன் காங்கேயதேவன் தொடங்கியதைக் காஹடவாலர்களும் கைக்கொண்டனர். 1194இல் சந்தாவர் போரில் ஜயசந்திரன் மாண்ட பின்னர், கங்கைக்கரை வணிகர் கைப்பழகிய காசின் அச்சையே புதிய ஆட்சியும் எடுத்துக்கொண்டது. உருவம் மாறினால் காசு செல்லாமற் போகும் என்ற அச்சமேயன்றி வேறில்லை. கலசூரிகளே சைவர்கள் என்பதும் நினைக்கத்தக்கது. (இவ்வகைப் பொற்காசுகளில் போலிகள் மலிந்துள்ளன, சேகரிப்போர் எச்சரிக்கையாயிருத்தல் நலம்.)

இதற்கு மாறான சான்று எம் பொட்டிப்புரத்துக்கு அணித்தான மதுரையிலேயே உண்டு. 1323இல் தில்லிப் படையெடுப்பால் நம்பெருமாள் திருவரங்கம் விட்டெழுந்தருளியதும், பிள்ளை லோகாசார்யர் உடன் சென்றதும் நம்மவர் நெஞ்சில் ஆறாதவை. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் மதுரையில் தனியரசு கண்ட ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவும் அவன் வழிவந்தோரும் அடித்த காசுகளில் அரபு எழுத்துகளே உள்ளன, தேவியுமில்லை, நாகரியுமில்லை. திருமகள் பொறித்த பொற்காசு வழக்கம் இங்கு வேரூன்றியிராமையால் அதனைத் தொடர வேண்டிய தேவையும் எழவில்லை. ஆகவே கோரியின் காசைக் கொண்டு பக்தியை அனுமானிப்பது பொருந்தாது.

உண்மையில் ஆராயத்தக்கது கஜினி மஹ்மூதின் வெள்ளிக்காசு. ஹிஜ்ரி 418, 419 (கி.பி. 1027-28) ஆண்டுகளில் மஹ்மூதபுரம் எனப் பெயர் பெற்ற லாகூரில் அடிக்கப்பட்டது. ஒருபுறம் அரபியில் கலிமா. மறுபுறம் அதன் ஸம்ஸ்க்ருத ஆக்கம். ஸ்ரீபாஷ்யகாரர் 1017இல் திருவவதரித்தார் என்னும் ஸம்ப்ரதாயக் கணக்கின்படி அவருக்கு அப்போது பத்துப் பிராயம்.

அவ்வாசகத்தில் இறைவன் ‘அவ்யக்தம் ஏகம்’ எனப்படுகிறான். இறைத்தூதர் முஹம்மதோ ‘அவதாரம்’ எனப்படுகிறார். இரண்டும் நம் தர்சனத்துக்கு ஒவ்வா. கீதையின் பன்னிரண்டாம் அத்யாயத்து அவ்யக்தத்துக்கு எம்பெருமானார் ப்ரத்யகாத்ம ஸ்வரூபம் என்றே பொருள் அருளினார். கடோபநிஷத்தின் அவ்யக்தமோ ஆனுமானிகாதிகரணத்தில் சரீரமாகிறது. அவதாரமாவது ஸர்வேஸ்வரன் தன் ஸ்வபாவத்தை விடாதே தானே இறங்கி வருவது. பிறன் ஒருவனை அனுப்புவதன்று. இறைவன் உருக்கொண்டு பிறப்பதை மறுக்கும் இஸ்லாமியருக்கும் இச்சொல் இசையாது. இரு தரப்பும் ஏலாத சொல் அரசாங்க நாணயத்திலேயே ஏறியது வியப்பே.

தூதர் என்பதற்கு ‘தூத’ சப்தம் கைவசம் இருந்தும் அப்பண்டிதர் அதைக் கொள்ளவில்லை. அரசனிடம் ஊழியம் செய்வோனைக் குறிக்கும் சொல் தாழ்வாகும் என்று அஞ்சினார் போலும். கச்சித் திருப்பாடகத்தில் எம்பெருமான் தானே பாண்டவதூதனாக வீற்றிருக்கக் காணும் நமக்கு அவ்வச்சம் விளங்காது.

அவ்வாசகம் நெடுநாள் நிலைக்கவில்லை. பின்வந்த கோரியின் பொற்காசில் நாகரி எழுத்து அவன் பெயரைச் சொல்ல மட்டுமே பயன்பட்டது. கலிமாவை ஸம்ஸ்க்ருதத்தில் சொல்ல அங்கு எவரும் முற்படவில்லை.