வட்டத்தில் ஒரு கூறு: குடிசனமதிப்பு வரைபுகளும் மலையக மக்களும்

இலங்கையின் சனத்தொகையை விளக்கும் நூல்களில் வட்ட வரைபொன்று தவறாது இடம்பெறுவதைக் காணலாம். வட்டம் முழு நாட்டையும் குறிக்கும்; அதன் ஒவ்வொரு கூறும் ஓர் இனத்தைக் குறிக்கும். எண்கள் நிறைந்த அட்டவணையை ஐயத்தோடு நோக்கும் வாசகர்கூட இப்படத்தை ஐயமின்றி ஏற்றுக்கொள்வர். ஒரு பார்வையிலேயே பொருளை உணர்த்திவிடுவது படத்தின் இயல்பாகும். அவ்வியல்பு காரணமாகவே, படம் எதனை உணர்த்தாமல் விடுகின்றது என்ற வினா எழாமற் போகின்றது. இவ்வட்டத்தில் “இந்தியத் தமிழர்” எனப் பெயரிடப்பட்ட கூறு கடந்த எழுபது ஆண்டுகளிற் சுருங்கி வந்துள்ளது. அச்சுருக்கத்தில் மக்களின் குறைவு எவ்வளவு, பெயரின் மாற்றம் எவ்வளவு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புள்ளிவிபரங்களை வரைபுகளாகத் தீட்டும் முறையை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் ஸ்கொட்லாந்தினரான வில்லியம் பிளேபேயர். 1786இல் வெளிவந்த அவரது நூல் கோட்டு வரைபுகளையும் சலாகை வரைபையும் அறிமுகப்படுத்தியது. 1801இல் அவர் வட்ட வரைபினைக் கையாண்டார். 1920களில் வியன்னா நகரில் ஒட்டோ நியூராத் என்பார், எழுத்தறிவு குறைந்த தொழிலாளரும் விளங்கிக்கொள்ளுமாறு மனித உருவங்களை நிரைப்படுத்தித் தொகைகளைக் காட்டினார். இம்முறைகள் யாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. எண்ணப்படுபவர் யார், அவரை எப்பெயரால் எண்ணுவது என்பன படம் வரையப்படுமுன்னரே முடிவாகிவிடுகின்றன. அம்முடிவு வரைபவனுடையதன்று, அரசினுடையது.

இலங்கையில் முழுமையான முதற் குடிசனமதிப்பு 1871இல் நடைபெற்றது. 1901ஆம் ஆண்டு மதிப்பினைப் பொன்னம்பலம் அருணாசலம் நெறிப்படுத்தினார். இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்னும் பாகுபாடு 1911ஆம் ஆண்டு மதிப்பிலேயே முதன்முறையாக இடம்பெற்றது. அவ்வாண்டில் இரு பிரிவினரும் ஏறத்தாழச் சமமாக, ஒவ்வொன்றும் 5 இலட்சத்து 30 ஆயிரத்தை ஒட்டிய தொகையினராக இருந்தனர். வட்டத்தில் ஒரு கூறாயிருந்தது இரு கூறாயிற்று.

இப்பாகுபாட்டின் பொருளை உணரப் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கினை நோக்குதல் பொருத்தமாகும். கெஹெல்கமு ஓயா பாயும் இப்பள்ளத்தாக்கின் இருமருங்கிலும் கோப்பியின் வீழ்ச்சிக்குப்பின் தேயிலை பரவிற்று. அங்குள்ள தோட்டங்களில் மனிதரை எண்ணும் வழக்கம் நாளாந்தம் நிகழ்ந்ததொன்று. விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்கள் எண்ணப்பட்டனர். மாலையில் கொழுந்தின் நிறை பார்த்துப் பேர் போடப்பட்டது. நிறை குறைந்தால் அரைப்பேர். முழு மனிதர் ஒருவர் ஏட்டில் அரையாகப் பதியப்படலாம் என்பதைத் தொழிலாளர் நன்கறிந்திருந்தனர்.

அரசின் ஏட்டிலும் இதனையொத்த நிலையொன்று உருவாயிற்று. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும், அதனைத் தொடர்ந்து 1949இல் இயற்றப்பட்ட சட்டங்களும் மலையக மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கி, வாக்காளர் இடாப்பிலிருந்தும் நீக்கின. எனினும், 1959இல் தேர்தற் தொகுதிகள் வகுக்கப்பட்டபோது பிரசாவுரிமையற்றோரும் சனத்தொகைக் கணக்கிற் சேர்க்கப்பட்டனர். ஆகவே, மலைநாட்டுக்குரிய ஆசனங்களின் தொகையை உயர்த்துவதற்கு அவர்கள் எண்ணப்பட்டனர்; அவ்வாசனங்களுக்கு உறுப்பினரைத் தெரிவுசெய்ய எண்ணப்படவில்லை. சனத்தொகைக்கும் வாக்காளர் தொகைக்கும் தனித்தனி வரைபுகளை வரைந்து அருகருகே வைத்தாலன்றி இம்முரண் கண்ணுக்குப் புலப்படாது.

இனி, கூறு சுருங்கிய வரலாற்றைக் காண்போம். மொத்தச் சனத்தொகையில் இந்தியத் தமிழரின் பங்கு 1946இல் நூற்றுக்கு 11.7, 1953இல் 12.0, 1963இல் 10.6, 1971இல் 9.3. 1981இல் அது 5.5 ஆக வீழ்ச்சியுற்றது. 1971இல் ஏறத்தாழ 11 இலட்சத்து 75 ஆயிரமாக இருந்த தொகை பத்தாண்டுகளில் 8 இலட்சத்து 19 ஆயிரமாகக் குறைந்தது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களே இவ்வீழ்ச்சிக்குத் தலையாய காரணமாவர். இராமானுஜம் கப்பலில் ஏறிய குடும்பங்களைப் பற்றி மலையகத்தில் இன்றும் பேசப்படுகின்றது.

ஆயினும் அது முழுக் காரணமன்று. அதே பத்தாண்டில் நாட்டின் சனத்தொகை நூற்றுக்கு 17 வீதம் பெருக, “இலங்கைத் தமிழர்” என்ற கூறு 32 வீதம் பெருகிற்று. நாட்டின் வேகத்தில் அக்கூறு வளர்ந்திருப்பின் வந்திருக்கக்கூடிய தொகையைவிட இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதிற் கூடுதலாக உள்ளனர். இயற்கைப் பெருக்கத்தால் இதனை விளக்கல் அரிது. இலங்கைப் பிரசாவுரிமை பெற்ற மலையகத்தவர் பலர் தம்மை இலங்கைத் தமிழர் எனப் பதிந்துகொண்டனர் என்பதே பொருத்தமான விளக்கமாகும். அவர்கள் கப்பலேறவில்லை; லயன் அறையை விட்டும் பெயரவில்லை. வட்டத்திலே இடம் மாறினர். கப்பலேறியவரையும் பெயர் மாறியவரையும் வரைபு ஒரே நிறத்திற் காட்டுகின்றது.

தேசிய சராசரியும் இவ்வாறே மறைக்கும் இயல்புடையது. 1974ஆம் ஆண்டின் உணவுப் பஞ்சத்தின்போது தோட்டங்களிற் சிசு மரண வீதம் தேசிய வீதத்தின் இரு மடங்கினைத் தாண்டியது. நாடு முழுவதற்கும் வரையப்பட்ட கோட்டில் அது சிறு மேடாகவே தோன்றும். தோட்டத்துறைக்குத் தனிக்கோடு வரையும்போதே அம்மேட்டின் உண்மையான உயரம் தெரியவரும்.

அத்தனிக்கோடும் வரைவிலக்கணத்தைச் சார்ந்ததாகும். இருபது ஏக்கருக்குக் குறையாத பரப்பும், வதியும் தொழிலாளர் பத்துப்பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரும் உடைய தோட்டமே குடிசனமதிப்பிற் பெருந்தோட்டத்துறையாகும். மாநகர சபை, நகர சபை எல்லைகளுக்கு உட்பட்டவை நகரத்துறை, எஞ்சியவை கிராமத்துறை. இதன்படி பொகவந்தலாவைக் கடைவீதி கிராமமாகும். அதனைச் சூழ்ந்த லயன்கள் தோட்டமாகும். தோட்டத்திற் பிறந்து, கடைவீதியிற் கடைச் சிப்பந்தியாக வாழும் இளைஞன் கிராமத்தவன். கொழும்பிற் பணிபுரியும் அவன் தங்கை நகரத்தவள். 2012இல் தோட்டத்துறையினர் நூற்றுக்கு 4.4 வீதத்தினர் எனக் காட்டும் வரைபு, மலையக சமுதாயம் முழுவதையும் காட்டுவதாகாது.

2012இல் இந்தியத் தமிழரின் பங்கு 4.1 வீதமாக இருந்தது. 2024ஆம் ஆண்டு மதிப்பில் “மலையகத் தமிழர்” என்ற பெயரும் அப்பிரிவுக்குச் சேர்க்கப்பட்டது, பங்கோ 2.8 வீதமாயிற்று. நெடுங்காலம் வேண்டிநின்ற பெயர் ஏட்டில் ஏறிய வேளையிலேயே அதன் கீழ்ப் பதிந்தோர் குறைந்தனர். தோட்டப்புறத்துக்கான வீடமைப்பும் கல்வி ஒதுக்கீடும் இத்தொகைகளைக் காட்டியே கோரப்படுகின்றன என்பதை மனங்கொள்ளின், இவ்வீழ்ச்சி வெறும் கணக்குச் செய்தியன்று என்பது தெளிவாகும்.

ஆகவே, குடிசனமதிப்பு வரைபுகளைக் கையாளும் மாணவர் ஒரு நெறியைப் பின்பற்றல் வேண்டும். ஒவ்வொரு கூறின் பெயரும் எவ்வாண்டில் எவரால் வழங்கப்பட்டது என்பதையும், வெளியேறியோர் தொகையையும் பதிவு மாறியோர் தொகையையும் வரைபின் அருகிலேயே எழுதிவைத்தல் அவசியமாகும். பொகவந்தலாவைத் தொழிலாளி மாலையிற் பேர் போடும்போது தராசின் முள்ளையும் கணக்கப்பிள்ளையின் ஏட்டையும் ஒருங்கே நோக்கினார். புள்ளிவிபர வரைபினை நோக்குவோருக்கும் அவ்விழிப்பு வேண்டற்பாலது.