புத்ராஜெயாவுக்கு முன்னால் அங்கே என்ன இருந்தது?

கோலாலம்பூருக்குத் தெற்கே சுமார் 25 கி.மீ. போனால் புத்ராஜெயா, மலேசியாவின் நிர்வாகத் தலைநகர். போன தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அங்கே நடந்தேன். ரோஜா நிற கிரானைட்டில் புத்ரா மசூதி, பக்கத்திலேயே பச்சைக் குவிமாடத்தோடு பிரதமர் அலுவலகம், சுற்றிலும் ஏரி. அந்த ஏரியும் மனிதர்கள் உண்டாக்கியதுதான்! 1995-இல் வேலை தொடங்கி, 1999-இல் பிரதமர் அலுவலகம் குடிவந்துவிட்டது. நாலே வருஷம். நான் பார்த்த சில சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட்களே அதைவிட அதிகம் இழுத்திருக்கின்றன.

சும்மா கிடந்த நிலம்போல என்று நினைத்தேன். ரூமுக்கு வந்து பழைய பெயரைத் தேடினால் பிராங் பெசார் என்று வந்தது. மலாயில் ‘பெரும் போர்’ என்று அர்த்தம். முதல் உலகப்போரில் சண்டை போட்டுத் திரும்பிய பிரிட்டிஷ்காரர்கள் 1921-இல் தொடங்கிய ரப்பர் தோட்டம் அது. அங்கே பால்மரம் வெட்டியவர்களில் நம்மாட்கள் நிறைய.

நகரம் வந்தபோது பிராங் பெசார், மேடிங்லி, கேலவே, செட்ஜ்லி என நாலு தோட்டத்துக் குடும்பங்களும் டெங்கிலில் இருக்கும் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டன. சொந்தமாகத் தரைவீடு வேண்டும் என்று இருபது வருஷத்துக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். தலைநகருக்கு நாலு வருஷம், தோட்டத்துக்காரர் வீட்டுக்கு?

புத்ராஜெயா போனால் மசூதியையும் பாலங்களையும் அவசியம் பாருங்கள். திரும்பும்போது டெங்கில் வழியாக வாருங்கள்.